தொட்டியில் ஊற்றும் முன் பக்கெட்டை அளந்து பாருங்கள்: மீன் தொட்டியில் தண்ணீர் மாற்றும்போது சூட்டைச் சமாளிப்பது எப்படி

மீன் வளர்க்க ஆரம்பிக்கும் எல்லோரும் குளோரினைப் பற்றி விசாரிக்கிறார்கள், எந்த ஃபில்டர் நல்லது என்று கேட்கிறார்கள், தீனி எவ்வளவு போடலாம் என்று கேட்கிறார்கள். வாரா வாரம் ஊற்றுகிற புதுத் தண்ணீர் எத்தனை டிகிரியில் இருக்கிறது என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. "சென்னையில் ஹீட்டரே வேண்டாம், அப்புறம் எதற்கு வெப்பநிலையைப் பற்றிக் கவலை?" என்று கடையிலேயே சொல்லி அனுப்பிவிடுவதும் உண்டு. பெரும்பாலான மீன்களுக்கு இங்கே ஹீட்டர் வேண்டாம் என்பது சரிதான். ஆனால் கூடத்து நிழலில் 29 டிகிரியில் நிற்கிற தொட்டிக்கும், மே மாத மதியத்தில் மொட்டை மாடியில் காய்கிற கறுப்பு டேங்க்குக்கும் நடுவே பத்து டிகிரி வித்தியாசம் சாதாரணமாக வரும். அந்த டேங்க் தண்ணீரைக் குழாயில் பிடித்து அப்படியே ஊற்றினால் மீனுக்கு என்ன ஆகும், ஊற்றாமல் எப்படிச் சமாளிப்பது, இரண்டையும் சொல்கிறேன்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு விஷயம். சூட்டைச் சரிசெய்ய வேண்டிய இடம் பக்கெட். தொட்டிக்குள் ஊற்றிவிட்டு அப்புறம் ஐஸ் போடுவது, வெந்நீர் கலப்பது எல்லாம் மீனை உள்ளே வைத்துக்கொண்டே செய்கிற பரிசோதனை. பக்கெட்டில் கணக்கு தப்பினால் செடிக்கு ஊற்றிவிட்டு மறுபடி பிடித்துக்கொள்ளலாம், யாருக்கும் நஷ்டமில்லை.

நமக்கு வெயிலோ பனியோ உடம்புச் சூடு கிட்டத்தட்ட ஒரே அளவில் இருக்கும். நாம் தொட்டியில் வளர்க்கிற மீன்களுக்கு அந்த வசதி கிடையாது, தண்ணீர் எத்தனை டிகிரியோ அதன் உடம்பும் அத்தனை டிகிரிதான். தண்ணீர் சூடானால் மூச்சு வேகமாகிறது, ஆக்சிஜன் அதிகம் தேவைப்படுகிறது. ஆனால் சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவாகத்தான் கரையும். 25 டிகிரியில் ஒரு லிட்டரில் அதிகபட்சம் 8.3 மில்லிகிராம் வரை கரைகிறது என்றால் 30-ல் அது 7.6 ஆகிவிடும், 35-ல் 7-க்கும் கீழே போய்விடும். தேவை கூடுகிற நேரம் பார்த்து இருப்பு குறைகிறது. போதாக்குறைக்கு, தண்ணீரில் இருக்கிற அமோனியாவில் விஷமான பங்கும் சூட்டோடு சேர்ந்து ஏறும். திடீரென்று குளிர்ந்தால் வேறு மாதிரி தொல்லை: செரிமானம் மந்தமாகும், எதிர்ப்புச் சக்தி குறையும், சில நாளில் உடம்பெல்லாம் உப்புத் தூவினாற்போல் வெள்ளைப் புள்ளி வந்து நிற்கும்.

இதில் 'திடீர்' என்பதுதான் முக்கியம். காலையில் 27 டிகிரி இருக்கிற தொட்டி மாலைக்குள் மெல்ல 30-க்குப் போனால் கப்பியும் மோலியும் பெரிதாகக் கண்டுகொள்ளாது, குளத்திலும் அப்படித்தான் நடக்கிறது. அதே மூன்று டிகிரி இரண்டு நிமிடத்தில் மாறுவது வேறு கதை.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம், இதை ஒரு தடவை புரிந்துகொண்டால் எப்போதும் உதவும். 60 லிட்டர் தண்ணீர் உள்ள தொட்டி, 28 டிகிரி. அதில் 15 லிட்டர், அதாவது கால் பங்கை எடுத்துவிட்டு 38 டிகிரி தண்ணீரை ஊற்றுகிறீர்கள். மீதி 45 லிட்டரை 28-ஆல் பெருக்கினால் 1260, புதுத் தண்ணீர் 15-ஐ 38-ஆல் பெருக்கினால் 570, கூட்டி 60-ஆல் வகுத்தால் 30.5. இரண்டரை டிகிரி ஏறிவிட்டது. பாதித் தொட்டியை மாற்றியிருந்தால் நேராக 33. அதனால்தான் புதியவர்களுக்கு நான் எப்போதும் வாரத்துக்குக் கால் பங்கு போதும் என்று சொல்வது. சூட்டில் கொஞ்சம் முன்பின் ஆனாலும் மீதி முக்கால் பங்கு தாங்கிக்கொள்ளும்.

ஆனால் இந்தக் கணக்கு தண்ணீர் நன்றாகக் கலந்த பிறகு வருகிற கணக்கு. கலக்கும் வரை என்ன நடக்கிறது என்று யோசியுங்கள். சூடான தண்ணீர் மேலே மிதக்கும், குளிர்ந்த தண்ணீர் அடியில் இறங்கும். 38 டிகிரி தண்ணீரைச் சரேலென்று ஊற்றினால் மேல்மட்டத்தில் சுற்றுகிற கப்பியும், காற்றைக் குடிக்க மேலே வருகிற ஃபைட்டரும் முதலில் அந்தச் சூட்டில் மாட்டும். மார்கழிக் காலையில் சில்லென்ற தண்ணீரை ஊற்றினால் அடியில் கிடக்கிற கோரிடோராஸும் லோச்சும் அதை வாங்கிக்கொள்ளும். தொட்டித் தெர்மாமீட்டர் 'பரவாயில்லை' என்று காட்டினாலும் அந்த ஒன்றிரண்டு நிமிடம் அவற்றின் மேல் பட்டது பட்டதுதான்.

எத்தனை டிகிரி வரை பரவாயில்லை என்று கேட்டால், பக்கெட்டுக்கும் தொட்டிக்கும் ஒரு டிகிரி வித்தியாசத்துக்குள் வையுங்கள், இரண்டு வரை போகலாம், அதற்கு மேல் வேண்டாம். எந்த மீன் வைத்திருக்கிறீர்கள் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். கப்பி, மோலி, ஏஞ்சல் போன்றவை 24-லிருந்து 28 வரை வசதியாக இருக்கும். ஃபைட்டருக்கு 25 முதல் 28. நியான் டெட்ராவுக்கு 26-க்கு மேல் போகாமல் இருந்தால் நல்லது. டிஸ்கஸ் 28-லிருந்து 30 வரை கேட்கும். கோல்ட்ஃபிஷ் குளிர்ந்த தண்ணீர் மீன், 18 முதல் 24 வரை அதற்குப் பிடிக்கும், நம் கோடையில் ஏற்கெனவே திணறிக்கொண்டிருக்கும் அதற்கு மேலும் சூட்டை ஏற்றிவிடக் கூடாது.

சரி, வேலைக்கு வருவோம்.

தெர்மாமீட்டர் வாங்குங்கள்

கையை விட்டுப் பார்த்து 'சரியாக இருக்கிறது' என்று சொல்வது போதாது. 22-க்கும் 32-க்கும் உள்ள வித்தியாசம் கைக்குத் தெரியும், 26-க்கும் 29-க்கும் உள்ளது தெரியாது. அதுவும் இப்போதுதான் பாத்திரம் கழுவிவிட்டு வந்த கை என்றால் சுத்தமாக நம்ப முடியாது. காய்ச்சல் பார்க்கிற தெர்மாமீட்டரும் உதவாது, அது வகையைப் பொறுத்து 32 அல்லது 35 டிகிரிக்குக் கீழே காட்டாது. தொட்டிக் கண்ணாடியில் வெளியே ஒட்டுகிற பட்டை மலிவுதான், ஆனால் அது கண்ணாடியின் சூட்டையும் அறையின் சூட்டையும் சேர்த்துக் காட்டும், பக்கெட்டுக்குள் போடவும் முடியாது. உள்ளே மிதக்கிற கண்ணாடித் தெர்மாமீட்டர் அல்லது ஒயரில் முனை தொங்குகிற டிஜிட்டல் ஒன்று வாங்குங்கள்.

ஒரே தெர்மாமீட்டரால் தொட்டியையும் பக்கெட்டையும் அளப்பது நல்லது. அது ஒரு டிகிரி தப்பாகக் காட்டினாலும் இரண்டிலும் அதே ஒரு டிகிரி தப்பாகத்தான் காட்டும், வித்தியாசம் சரியாக வந்துவிடும். சந்தேகம் இருந்தால், ஒரு டம்ளர் நிறைய உடைத்த ஐஸைப் போட்டு இடைவெளி நிரம்பும் அளவு மட்டும் தண்ணீர் விட்டு, கலக்கிச் சில நிமிடம் கழித்து அதில் முனையை வையுங்கள், பூஜ்யம் காட்ட வேண்டும். பக்கெட்டில் அளக்கும்போதும் ஒரு தடவை நன்றாகக் கலக்கிவிட்டு, காட்டுகிற அளவு அசையாமல் நிற்கும் வரை ஒரு நிமிடமாவது காத்திருங்கள்.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள்

பூமிக்கு அடியில் இருக்கிற போர் தண்ணீருக்கு வெயிலும் பனியும் அவ்வளவாகத் தெரியாது. அந்த ஊரின் வருடச் சராசரி வெப்பநிலையை ஒட்டியே நிற்கும், சென்னை மாதிரி ஊரில் 28, 29 டிகிரிப் பக்கம். நம் மீன்களுக்கு அது அருமையான சூடு. அதைக் கெடுப்பது மாடியில் இருக்கிற டேங்க்கும், வெயில் படுகிற சுவரில் ஓடுகிற குழாயும்தான். சம்ப்பில் தேங்கியிருக்கிற மெட்ரோ தண்ணீரும் இப்படித்தான், தரைக்கு அடியில் இருப்பதால் மேல் டேங்க்கை விட எப்போதும் நிதானமாக இருக்கும்.

அதனால் உங்கள் வீட்டில் மோட்டார் ஓடும்போது நேரடியாகப் பிடிக்கிற மாதிரி ஒரு குழாய் இருந்தால் அதுதான் மீன் தொட்டிக்கு ஏற்ற குழாய். இல்லையென்றால் விடியற்காலையில் பிடியுங்கள். இரவு முழுக்க ஆறிய டேங்க்கில் அந்த நேரத்தில்தான் சூடு குறைவு. மதியம் பிடித்தே ஆக வேண்டிய நிலை என்றால் முதல் ஒரு பக்கெட்டைத் தனியாக எடுத்துத் துணிக்கோ கழுவவோ வைத்துக்கொள்ளுங்கள், குழாயிலேயே நின்று கொதித்த தண்ணீர் அதில் போய்விடும்.

போர் தண்ணீர் பயன்படுத்துபவர்களுக்கு ஒரு வார்த்தை: ஆழத்திலிருந்து வருகிற தண்ணீரில் ஆக்சிஜன் குறைவாகவும் கார்பன் டை ஆக்சைடு அதிகமாகவும் இருப்பது வழக்கம். சூடு பொருந்திவிட்டது என்று உடனே ஊற்றாமல் சில மணி நேரம் ஏர் ஸ்டோன் (ஏர் பம்ப் ட்யூபின் முனையில் மாட்டுகிற, குமிழி விடுகிற கல்) போட்டு வையுங்கள்.

கோடையில்

முந்தின நாள் இரவே தண்ணீரைப் பிடித்து, தொட்டி இருக்கிற அதே அறையில், மூடாமல், ஏர் ஸ்டோன் போட்டு வைத்துவிடுங்கள். காலையில் பார்த்தால் பக்கெட்டும் தொட்டியும் கிட்டத்தட்ட ஒரே டிகிரியில் இருக்கும். மெட்ரோ தண்ணீர் என்றால் குளோரினும் இதிலேயே பெரும்பாலும் போய்விடும், அவசரத்துக்கு ஆன்டி குளோரின் இருக்கவே இருக்கிறது. என்னைக் கேட்டால் புதியவர் ஒருவர் இந்த ஒரே பழக்கத்தைப் பிடித்துக்கொண்டாலே முக்கால்வாசித் தொல்லை தீர்ந்தது. இடம் இருந்தால் மூடியுள்ள 50 லிட்டர் டிரம் ஒன்றைத் தொட்டிக்கென்றே வைத்துக்கொள்ளுங்கள். சோப்புப் படாத, வேறு எதற்கும் எடுக்காத டிரம்.

இரவே பிடித்து வைக்க மறந்துவிட்டது, பக்கெட்டில் 34 டிகிரி காட்டுகிறது, இன்றே மாற்றியாக வேண்டும் என்றால் ஐஸ் பாட்டில் முறை இருக்கிறது. ஒரு லிட்டர் பாட்டிலில் முக்கால் பங்குக்குக் கொஞ்சம் மேலே தண்ணீர் நிரப்பி ஃப்ரீசரில் வையுங்கள். உறையும்போது தண்ணீர் விரியும் என்பதால் கழுத்து வரை நிரப்பினால் பாட்டில் விட்டுப்போகும். ஒரு கிலோ ஐஸ் முழுதாக உருகினால் 15 லிட்டர் தண்ணீரை ஏழு டிகிரி வரை இறக்கிவிடும், 34 என்பது 27 ஆகிவிடும். நீங்கள் நினைப்பதை விட இது அதிக வேலை செய்யும், ஆகவே பாட்டிலைப் பக்கெட்டில் போட்டுவிட்டு வேறு வேலைக்குப் போய்விடாதீர்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை கலக்கி அளந்து, தொட்டியின் டிகிரி வந்ததும் பாட்டிலை வெளியே எடுங்கள். ஐஸ் கட்டியைத் தனியாகப் போடாமல் பாட்டிலோடு போடுவதில் உள்ள நன்மை இதுதான், நினைத்த நேரத்தில் நிறுத்தலாம்.

கத்திரி வெயிலில் தொட்டியே 32, 33 என்று ஏறிக் கிடந்தால், அதை இறக்கத் தண்ணீர் மாற்றுவதை ஒரு வழியாக வைத்துக்கொள்ளாதீர்கள். 25 டிகிரி தண்ணீரைக் கொட்டி ஒரேயடியாகக் குளிர்விக்க நினைப்பதும் அதே அதிர்ச்சிதான், திசை மட்டும் வேறு. மேல் மூடியைத் திறந்து, தண்ணீரின் மேல்பரப்பில் காற்று படுகிற மாதிரி சின்ன ஃபேன் ஒன்றை வையுங்கள், ஆவியாகும்போது ஒன்றிரண்டு டிகிரி மெல்லக் குறையும். கடலோரத்தில் காற்றில் ஈரம் அதிகம் என்பதால் பலன் கொஞ்சம் குறைவாக இருக்கும், மதுரை, திருச்சிப் பக்கம் நன்றாகவே தெரியும். மீன் மேலே துள்ளி வெளியே வராமல் இருக்க வலை ஒன்று போட்டு வையுங்கள். ஏர் பம்ப்பை நிறுத்தாதீர்கள்.

மார்கழி, தை மாதங்களில்

இப்போது பிரச்சினை தலைகீழ். விடியற்காலையில் மாடி டேங்க் தண்ணீர்தான் இருப்பதிலேயே குளிர்ந்தது, தொட்டி அதை விடச் சூடாக இருக்கும். கோடையில் சொன்ன விடியற்காலை யோசனையை இங்கே மறந்துவிட்டுப் பதினொரு மணிக்கு மேல் வேலையை வைத்துக்கொள்ளுங்கள். ஊட்டி, கொடைக்கானல், ஏற்காட்டில் இருப்பவர்களுக்கு இது வருடம் முழுக்க உள்ள வேலை, அங்கே தொட்டியில் ஹீட்டரும் அவசியம்.

பக்கெட்டில் 22, தொட்டியில் 26 என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுப்பில் கொதிக்க வைத்து இறக்கிய தண்ணீர் முக்கால் லிட்டரிலிருந்து ஒரு லிட்டருக்குள் சேர்த்தாலே 15 லிட்டர் பக்கெட் 26-க்கு வந்துவிடும். அரை லிட்டர் ஊற்றுங்கள், கலக்குங்கள், அளங்கள், அப்புறம் டம்ளர் டம்ளராக ஏற்றுங்கள். எவர்சில்வர் பாத்திரத்தில் கொதிக்க வைப்பது நல்லது. செம்புப் பாத்திரத் தண்ணீரும், உள்ளே செம்பு உள்ள பழைய கீசர் தண்ணீரும் வேண்டாம், முக்கியமாக இறாலோ நத்தையோ வைத்திருந்தால் வேண்டவே வேண்டாம், மிகக் கொஞ்சம் செம்பே அவற்றைக் கொன்றுவிடும்.

பக்கெட்டில் போடுகிற வாட்டர் ஹீட்டர் ராடைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். நான் வேண்டாம் என்பேன். 1500 வாட் ராடு 15 லிட்டர் தண்ணீரை முக்கால் நிமிடத்துக்குள் ஒரு டிகிரி ஏற்றிவிடும், எங்கே நிறுத்துவது என்று பிடிபடாது, மேலே பூச்சு போன ராடிலிருந்து உலோகமும் இறங்கும். ஷாக் அபாயம் தனி. பொறுமை இருந்தால் மீன் தொட்டிக்கான 100 வாட் ஹீட்டர் ஒன்றைப் பக்கெட்டில் முழுதாக மூழ்கும்படி போட்டு வையுங்கள், பத்து நிமிடத்துக்கு ஒரு டிகிரி என்ற கணக்கில் நான்கு டிகிரிக்கு முக்கால் மணி நேரம் ஆகும். கூடவே ஏர் ஸ்டோன் கண்டிப்பாக ஓட வேண்டும். குளிர்ந்த தண்ணீரில் கரைந்திருக்கிற காற்று சூடானதும் குமிழியாக வெளியே வரப் பார்க்கும், பக்கெட்டின் ஓரமெல்லாம் பொடிப் பொடியாக முத்துக் கோத்த மாதிரி ஒட்டியிருப்பது அதுதான். அது பக்கெட்டிலேயே அடங்கட்டும். தொட்டிக்குள் போய் மீனின் செவுளிலும் துடுப்பிலும் குமிழி கட்டினால் அதுவும் ஒரு நோய்.

கோரிடோராஸை முட்டையிட வைக்க வேண்டுமென்றே சில டிகிரி குளிர்ந்த தண்ணீரை ஊற்றுபவர்கள் இருக்கிறார்கள். மழை வந்துவிட்டது என்று மீனை நினைக்க வைக்கிற வழி, பலனும் தருகிறது. நன்றாகத் தேறிய, ஆரோக்கியமான ஜோடிகளைத் தனித் தொட்டியில் வைத்துச் செய்வது அது. பலவகை மீன்கள் கலந்திருக்கிற முதல் தொட்டியில் அதை முயல வேண்டாம்.

மாற்றுகிற நேரத்தில்

முதலில் ஹீட்டரின் ப்ளக்கைப் பிடுங்குங்கள். சுவிட்சை மட்டும் அணைத்துவிட்டு இருந்துவிடாதீர்கள். பிடுங்கிவிட்டு பத்துப் பதினைந்து நிமிடம் அப்படியே விடுங்கள், ஏனென்றால் உள்ளே இன்னும் சூடாக இருக்கும் கண்ணாடிக் குழாய் தண்ணீர் இறங்கியதும் காற்றில் வறண்டு, அப்புறம் புதுத் தண்ணீர் பட்டவுடன் விரிசல் விடும். விரிசல் விட்ட ஹீட்டரை மறுபடி மின்சாரத்தில் போட்டால் ஆபத்து உங்களுக்கும்தான். தொட்டிக்குள் கை போவதற்கு முன் ஃபில்டர், விளக்கு ப்ளக்குகளையும் எடுத்துவிடுங்கள்.

இந்தப் பத்து நிமிடத்தில் தொட்டியை அளந்து, பக்கெட்டை அளந்து, வித்தியாசத்தைப் பாருங்கள். ஒரு டிகிரிக்குள் இருந்தால் ட்யூபைப் போட்டு அடிக் கசடோடு கால் பங்கு தண்ணீரை உறிஞ்சி எடுங்கள். பழைய தண்ணீரை எடுத்த பிறகுதான் புதுத் தண்ணீரின் சூட்டைப் பார்ப்பது என்று வைத்துக்கொள்ளாதீர்கள், பக்கெட் தயாராகும் வரை மீன்கள் குறைந்த தண்ணீரில் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும், அந்தக் குறைந்த தண்ணீர் சீக்கிரம் ஆறவும் செய்யும்.

ஊற்றுவதற்குப் பக்கெட்டைத் தூக்கிக் கவிழ்க்க வேண்டாம். பக்கெட்டைத் தொட்டியை விட உயரமான ஸ்டூலில் வைத்து, ஏர் பம்ப்புக்கு வாங்குகிற மெல்லிய ட்யூபையே சைஃபன் மாதிரி விட்டால் மெல்ல இறங்கும். அவ்வளவு நேரம் இல்லையென்றால் ஒரு சொம்பால் எடுத்து, தண்ணீருக்குள் பிடித்த தட்டின் மேல் ஊற்றுங்கள். 15 லிட்டருக்குப் பத்து நிமிடமாவது எடுத்துக்கொள்ளுங்கள். பாதி இறங்கியதும் மறுபடி தொட்டித் தெர்மாமீட்டரைப் பாருங்கள், அரை டிகிரிக்கு மேல் நகர்ந்திருந்தால் நிறுத்திக் கால் மணி நேரம் கழித்துத் தொடருங்கள். முடிந்ததும் ஃபில்டரை உடனே ஓட்டலாம், ஹீட்டரைத் தண்ணீர் பழைய மட்டத்துக்கு வந்து கால் மணி நேரம் ஆன பிறகு போடுங்கள்.

அடுத்த அரை மணி நேரம் மீன்களைப் பாருங்கள். மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் ஆக்சிஜன் போதவில்லை. துடுப்பை உடம்போடு ஒட்டிக்கொண்டு அடியில் அசையாமல் கிடந்தால் குளிர் அதிர்ச்சி. விசுக் விசுக்கென்று ஓடிக் கல்லில் மோதினால் சூடாகவும் இருக்கலாம், குளோரினாகவும் இருக்கலாம், இரண்டையும் சோதியுங்கள்.

எப்படியோ தப்பு நடந்து, தொட்டி மூன்று நான்கு டிகிரி குறைந்துவிட்டது என்று வையுங்கள். பதறி வெந்நீர் ஊற்றி ஏற்றாதீர்கள், ஒரு நாளில் இரண்டு அதிர்ச்சி வேண்டாம். விளக்கை அணைத்து, ஏர் பம்ப்பை ஓடவிட்டு, தொட்டி தானாகவே அறையின் சூட்டுக்கு வரட்டும். ஹீட்டர் இருந்தால் வழக்கமான அளவிலேயே வைத்துப் போடுங்கள், சில மணி நேரத்தில் ஏறிவிடும். அன்று தீனி வேண்டாம். சூடு கூடிவிட்டிருந்தாலும் இதே மாதிரிதான், கூடவே மேல் மூடியைத் திறந்து ஃபேனைத் திருப்பிவிடுங்கள்.

அப்புறம் பத்து நாள் வரை தினமும் வால், துடுப்பு ஓரங்களை உற்றுப் பாருங்கள். ரவை அளவில் ஒரு வெள்ளைப் புள்ளி தெரிந்தாலே வெள்ளைப் புள்ளி நோய்க்கான மருந்தைத் தொடங்கிவிடலாம். பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவைத் தொட்டியில் நிஜமாக இருக்கிற தண்ணீருக்குக் கணக்குப் போட்டு ஊற்றுங்கள், ஃபில்டரில் கரி இருந்தால் எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் மருந்தை அது உறிஞ்சிவிடும். இரண்டு நாளில் புள்ளிகள் காணாமல் போனதும் நிறுத்திவிடாதீர்கள். மீனின் தோலை விட்டு உதிர்ந்த ஒட்டுண்ணி அடி மணலில் ஒட்டிக்கொண்டு நூற்றுக்கணக்கில் பெருகி மறுபடி மீனைத் தேடி வரும், மருந்து அதைக் கொல்வது அப்படி நீந்தி வருகிற நேரத்தில்தான். பாக்கெட்டில் எத்தனை நாள் போட்டிருக்கிறதோ அத்தனை நாளும் போடுங்கள், நடுவில் தண்ணீர் மாற்றச் சொல்லியிருந்தால் அந்தத் தண்ணீரையும் அளந்தே ஊற்றுங்கள்.